நாளந்தாவின் சாம்பல் எந்த அடுக்கில் இருக்கிறது?

அகழாய்வுத் துறையில் இருப்பவன் என்று தெரிந்தாலே பலர் என்னிடம் கேட்பது, பழைய பௌத்தக் கல்விக்கூடமான நாளந்தாவின் நூலகம், துருக்கியத் தளபதி பக்தியார் கில்ஜியின் படை வைத்த தீயில் மூன்று மாதம் எரிந்ததாமே என்பதுதான். வாட்ஸ்அப்பில் உலவும் அந்தக் கதையில் ஆண்டும் நூல்களின் எண்ணிக்கையும் இருக்கின்றன. எந்த மண்ணடுக்கு, எந்தச் சான்று என்பது மட்டும் இருப்பதில்லை.

யுவான் சுவாங்கின் குறிப்புகளைத் துணைகொண்டு, பீகாரின் ராஜகிருகத்துக்கு அருகிலுள்ள இவ்விடத்தை 1861-62இல் அடையாளம் கண்டவர் அலெக்சாண்டர் கன்னிங்காம். 1915இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்டவை ஒரே காலத்துக் கட்டடங்கள் அல்ல. முதலாம் எண் விகாரையில் (துறவியர் மடத்தில்) மட்டும் ஒன்பது கட்டுமான நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. இடிந்ததைச் சமன்செய்து அதன் மேலேயே மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். ஆகவே, கரியும் சாம்பலும் கிடைத்தன என்றால் அவை எந்தத் தளத்துக்கு மேல், எந்தத் தளத்துக்குக் கீழ் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் எண் கோயிலின் கல் வாசல்நிலையில், பால மன்னன் மகிபாலனின் 11ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தீயில் அழிந்த கோயிலைப் பாலாதித்தன் என்பவர் புதுப்பித்த செய்தியை அது பதிவு செய்கிறது. பக்தியார் கில்ஜியின் படை வருவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் முன்பே நேர்ந்த தீ அது.

படையெடுப்பு நடக்கவில்லை என்பதல்ல என் வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றில் பீகார்க் கோட்டை தாக்கப்பட்டது விரிவாகவே வருகிறது. ஆனால் அதில் நாளந்தாவின் பெயர் இல்லை. அறிஞர்கள் பலர் அவ்விடத்தை அருகிலுள்ள இன்னொரு பௌத்த மடமான ஓதந்தபுரியாகவே கொள்கிறார்கள். 1235ஐ ஒட்டி நாளந்தாவுக்கு வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமின், துருக்கப் படைவீரர்களின் அச்சத்துக்கு நடுவிலும் தொண்ணூறு வயது கடந்த ராகுலஸ்ரீபத்ரர் எழுபது மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டார்.

என்னைப் பொறுத்தவரை, எரிந்த கதையைவிட நாளந்தா எப்படி இயங்கியது என்பதே பெரிய செய்தி. பால மன்னன் தேவபாலன் காலத்துச் செப்பேடு, சுவர்ணத்வீப (சுமத்ரா) அரசன் பாலபுத்திரன் கட்டிய விகாரைக்கு ஐந்து ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அந்த வருவாயில் சுவடி எழுதும் செலவும் அடங்கும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்த ராஜராஜனின் செப்பேட்டைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

நேரில் செல்வோர் செங்கல்லின் கருமையைத் தீத்தழும்பு என்று படமெடுத்து அனுப்புகிறார்கள். பல இடங்களில் அது மழைப்பாசி காய்ந்த கறை. சுவர்களின் மேல்வரிசைகளிலோ, பழஞ்சுவரைக் காப்பதற்காக இக்காலத்தில் வைத்துக் கட்டிய செங்கற்கள் நிறைய உண்டு.