நீக்கியதையும் கேட்டுப் பாருங்கள்: இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் பதிந்து செம்மைப்படுத்தும் தொழிலில் இருப்பதால், எந்த மென்பொருளை வாங்கலாம் என்று என்னிடம் பலரும் கேட்கிறார்கள். ஒரே பொத்தானில் இரைச்சல் முழுவதையும் போக்கிவிடும் மென்பொருளையே அவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி மாற்றி, எம்.பி.3 கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தட்டுகளை விற்றுவிட்டவர்கள் பின்னர் கொண்டுவரும் பதிவுகளில், மிருதங்கத்தின் வலந்தலை ஒலி மழுங்கியிருக்கும். வீணைத் தந்தியின் முதல் மீட்டு தேய்ந்திருக்கும். மூலப் பதிவு இல்லாத நிலையில் அவற்றை முழுமையாக மீட்க வழியில்லை.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். தூசியோ கீறலோ ஊசியில் படும்போது ஒலியலையில் மிகக் குறுகிய கூர்முனை ஒன்று தோன்றுகிறது. இதையே நாங்கள் கிளிக் என்கிறோம். மென்பொருள் அக்கூர்முனையைக் கண்டுபிடித்து, இரு பக்கத்து அலையையும் வைத்து அந்த இடத்தை நிரப்புகிறது. ஆனால் மிருதங்கம், கஞ்சிரா போன்றவற்றின் சொற்கட்டுகளும், திரையிசையில் வரும் டிரம்பெட்டும் அதே போலத் திடீரென்று எழுபவை என்பதால், கண்டறியும் கூர்மையைச் சற்று கூட்டினாலே மென்பொருள் இசையையும் கிளிக்காகக் கருதித் தின்னத் தொடங்கும்.

எனவே நான் முதலில் பார்ப்பது, எவ்வளவு நீக்குகிறது என்பதையன்று. நீக்கியதைத் தனியே கேட்க விடுகிறதா என்பதையே. ஐசோடோப் ஆர்.எக்ஸ். மென்பொருளில் நீக்கப்படும் கிளிக்குகளை மட்டும் ஒலிக்கச் செய்யும் வசதி உண்டு. இலவசமான ஆடாசிட்டி மென்பொருளின் இரைச்சல் குறைப்பிலும் நீக்கப்படும் ஒலியை மட்டும் கேட்கலாம். அதன் கிளிக் நீக்கியில் அந்த வசதி இல்லையென்றாலும், திருத்திய தடத்தின் அலையை மேல்கீழாகத் திருப்பி (இன்வர்ட்) மூலத்தோடு கலந்தால் வேறுபாடு மட்டும் ஒலிக்கும். அதில் தாளம் கேட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஆடாசிட்டியின் கிளிக் நீக்கியில் வரம்பு எண் குறையக் குறையக் கூர்மை கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். பலர் இதை நேர்மாறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டாவதாக, மூலப் பதிவு தீண்டப்படாமல் இருக்க வேண்டும். வைனில்ஸ்டூடியோ என்ற மென்பொருள் திருத்தங்களைத் தனியாகச் சேமித்து மூலத்தை அப்படியே விட்டுவைக்கிறது. மற்றவற்றில் நாமே பதிவு முடிந்தவுடன் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ.வின் வழிகாட்டி குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), ஒவ்வொரு மாதிரிக்கும் 24 பிட் என்ற அளவைக் கூறுகிறது. நான் 96 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன். அத்தனை மாதிரிகள் எடுக்கும்போது கிளிக்கும் இசையும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. இப்படி 24 பிட்டில் பதிந்தால், 40 நிமிட எல்.பி. (நீண்டநேர இசைத்தட்டு) ஒன்று ஏறத்தாழ 1.4 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஃபிளாக் வடிவம் தரத்தில் எதையும் இழக்காமல் அதைக் கணிசமாகச் சுருக்கித் தரும்.

சுழல்வேகம் பிசகியிருந்தால் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும். தட்டு ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இதைச் சரிசெய்ய வேகத்தை மாற்றும் கருவியையே பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கருவி காலப்பிரமாணத்தைத் தவறாகவே விட்டுவிடுவதோடு ஒலியையும் கெடுக்கும்.

ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்கத்தைப் பற்றி, அதாவது தட்டில் பொறிக்கும்போது குறைத்த தாழ்ந்த ஒலிகளையும் கூட்டிய உயர்ந்த ஒலிகளையும் இசைக்கும்போது பழையபடி ஆக்குவதைப் பற்றி, எல்.பி. வைத்திருப்பவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கணினியில் நேரடியாக இணைக்கும் யூ.எஸ்.பி. டர்ன்டேபிள்களில் (தட்டு இயக்கிகளில்) அது உள்ளேயே செய்யப்பட்டுவிடுவதால், மென்பொருளில் மீண்டும் செய்யாதிருந்தால் போதும். நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் பழைய தட்டுகளின் கதை வேறு: 1954க்கு முந்தைய பதிவுகளுக்கு ஒரே சீரான சமனாக்கம் கிடையாது என்பதால், எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதற்கான வளைகோட்டை நாமே வரைய இடந்தரும் மென்பொருள் அவற்றுக்குத் தேவைப்படும்.

அமைதியைக் கண்டு பாடல்களைத் தானாகப் பிரிக்கும் வசதியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கச்சேரித் தட்டுகளில் ஆலாபனைக்கு நடுவே வரும் சிறு இடைவெளியில் அது வெட்டிவிடும். கையால் குறியிடுவதே மேல்.

சிறிய சேகரிப்புக்கு ஆடாசிட்டியே போதும் என்பது என் கருத்து. நூற்றுக்கணக்கில் தட்டுகள் இருந்தால் மட்டும் கட்டண மென்பொருளைப் பாருங்கள். அப்போதும் சோதனைப் பதிப்பில், அதிகக் கீறல் விழுந்த ஒரு தட்டையும் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி) உள்ள ஒரு தட்டையும் பதிந்து, நீக்கப்பட்ட ஒலியைக் கேட்ட பிறகே வாங்குங்கள்.