பளபளக்கிற தட்டு ஏன் சீறுகிறது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தாவின் இசைத்தட்டுகள் இரண்டு பெட்டி இருக்கின்றன. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பார்வைக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருக்கின்றன. போட்டால் சிலவற்றைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எது தேறும், எது தேறாது?"

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-ல்தான். அதுவரை வீட்டின் முன்னறையில் ரேடியோகிராம்தான், அதாவது வானொலியும் இசைத்தட்டு ஓட்டியும் சேர்ந்த பெட்டி. டர்பனில் இப்படிப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தட்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கனமாக, கீழே போட்டால் உடைகிறவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகள். அவை அரக்கில் செய்தவை. ஆம், நம் ஊர் மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு, கல்பொடி கலந்தது. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அதனால் 'ரெக்கார்டு கிளீனர்' எதையும் அவற்றின் மேல் ஊற்றாதீர்கள். வளைந்து கொடுப்பவை வினைல், அதாவது பிவிசி. நம் கதை இவற்றைப் பற்றியது.

கண்ணால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவோம். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் அழகாகத்தான் தெரியும். கைபேசி டார்ச்சைத் தட்டுக்குப் படுக்கைவாட்டில் பிடித்து, தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கீறலின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறதா? அப்படியானால் காதிலும் அது விழும். எல்பி (பெரிய வினைல் தட்டு) ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகும். தடங்களை (ஊசி ஓடும் மெல்லிய பள்ளங்களை) குறுக்கே வெட்டும் ஒரு சென்டிமீட்டர் கீறல் ஏறக்குறைய 80 சுற்றுகளைக் கடக்கிறது. இரண்டரை நிமிடத்துக்கு நெருக்கமாக 'டக்... டக்...' என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்புறம் நடுத்துளையைப் பாருங்கள். தட்டை மாட்டும்போது ஓட்டியின் நடுக்கம்பி துளையைத் தேடி லேபிள் மேல் தட்டுத்தடுமாறிய தடயம், மெல்லிய கோடுகளாக அங்கே இருக்கும். கோடுகள் மண்டிக்கிடந்தால் அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது.

எல்லாக் கீறலும் கவனக்குறைவால் வந்ததல்ல. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகத்தின் நூலகத்தில், தடைசெய்த பாட்டின் மேல் கூரான ஆயுதத்தால் கீறியே வைத்தார்கள், அறிவிப்பாளர் ஆசைப்பட்டாலும் ஒலிபரப்ப முடியாதபடி. அப்படி ஒரு தட்டு கையில் கிடைத்தால், கேட்க உதவாவிட்டாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, கீறலே இல்லாத தட்டு ஏன் சீறுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. முதல் பாட்டுக்கும் அதே சுற்று, கடைசிப் பாட்டுக்கும் அதே சுற்று. ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் தடத்தின் நீளம் மாறிக்கொண்டே போகிறது. விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். பாடகி 'ஸ' என்கிறார். அந்தச் சீறலில் நொடிக்கு 7,000 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அதிர்வும் தடத்தில் ஒரு நெளிவு. விளிம்பில் ஒரு நெளிவுக்கு 73 மைக்ரான் இடம் கிடைக்கிறது. உள்ளே 30 மைக்ரான்தான். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் ஒரு மைக்ரான்.)

நெளிவின் நீளம் பாதியானால் வளைவின் ஆரமும் பாதியாகும் என்றுதானே தோன்றும்? இல்லை, நான்கில் ஒன்றாகிவிடும்! அது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நெளிவு பக்கவாட்டில் வெறும் 2 மைக்ரான் அசைவதாகக் கொண்டு கணக்குப் போட்டால், விளிம்பில் வளைவின் ஆரம் 67 மைக்ரான் வருகிறது. உள்ளே 11. சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமோ ஏறக்குறைய 18 மைக்ரான். விளிம்பில் தாராளமாகத் திரும்பிய ஊசி, உள்ளே அந்த வளைவுக்குள் நுழையவே முடியாது. சானி கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் பதினெட்டுச் சக்கர லாரியை ஏற்றிய கதைதான்: வண்டி திரும்பாது, ஓரத்தை இடித்துக்கொண்டு போகும்.

அந்த இடிதான் தட்டைக் கெடுக்கிறது. இன்றைய நல்ல ஊசி இரண்டு கிராம் எடையில் தடத்தில் அமர்கிறது. தொடும் பரப்பு மிகமிகச் சிறியது என்பதால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் போய்விடும். பழைய ரேடியோகிராமின் செராமிக் பிக்கப்புகளோ (ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கும் பாகங்கள்) ஐந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். ஊசியும் தேய்ந்து முனை பட்டையாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். நெளிவுகளின் முகடுகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கப்படும். இந்தக் காயம் கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சிப்போனால் கருப்பில் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். இன்று புது ஊசி போட்டாலும் அது செதுக்கப்பட்ட சுவரைத்தானே படிக்கும்?

ஆகவே, தட்டைச் சோதிக்க முதல் பாட்டைப் போடாதீர்கள், கடைசிப் பாட்டைப் போடுங்கள். 'ச', 'ஸ' வரும் இடங்களில் குரல் கிழிகிறதா, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது பிசிறடிக்கிறதா என்று கவனியுங்கள். கிழிந்தால் தடம் தேய்ந்துவிட்டது. எந்தக் கழுவலும் மீட்காது. அங்கங்கே பொரிகிற சத்தம் மட்டும்தான் என்றால் அழுக்காக இருக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் கழுவிப் பாருங்கள். டர்பனின் ஈரக்காற்றில் படியும் பூஞ்சை பெரும்பாலும் காகித உறையையும் விரல் எண்ணெயையும்தான் தின்கிறது, வினைலை அல்ல.

தட்டின் 'காந்தத்தை நீக்கும்' கருவிகளும் நல்ல விலைக்கு விற்கின்றன. பிவிசி காந்தமாகவே ஆகாது. ராகுகாலத்தில் தட்டுப் போடக்கூடாது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இதற்கு மட்டும் கடன் அட்டையை நீட்டுகிறோம்.

விலைக்கு வருவோம். வியாபாரிகள் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று தரம் பிரிப்பார்கள். 'குட்' என்று எழுதியிருந்தால் நன்றாகத் தேய்ந்தது என்று அர்த்தம். இசைத்தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், கடைசியாக விற்ற விலையைப் பாருங்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்தான் எந்தப் பதிப்பு என்று சொல்லும். ஹெச்.எம்.வி. நாய்ப் படத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது ஏராளமாக அச்சான முத்திரை. மாறாக, பெட்டியின் அடியில் ரஷீத் வாலியின் 'அஸ்-ஷம்ஸ்' முத்திரையில் 1970-களில் வந்த ஜோகன்னஸ்பர்க் ஜாஸ் தட்டு ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். தமிழ்ப் பாட்டு இல்லையே என்று மற்றதோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள், உலகம் முழுக்க அதைத் தேடுகிறார்கள்.

தேய்ந்ததும் உடைந்ததும் குப்பைக்கா? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு, துகள் இயற்பியல் கருவிகளுக்காகக் கற்ற அளவீட்டு நுட்பத்தை வைத்து, தட்டை ஊசியால் தொடாமலே படம்பிடித்து ஒலியை மீட்கும் 'ஐரீன்' முறையை உருவாக்கியது. துகள்களை ஆராய்ந்து என்ன பயன் என்று நிதியை வெட்டத் துடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு கருவிக்கு யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை.

அதுவரை, உள்ளூர் தமிழ்க் குழு எதுவும் பாடிய தட்டு கண்ணில் பட்டால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்த மொத்த வியாபாரத்தில் சேர்க்காதீர்கள். வெஸ்ட்வில்லில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. விற்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.