உலை அணைந்த பிறகு

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூன்றாம் மாடிப் பெண்மணி கேட்டார்: "நீங்கள் ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். சொல்லுங்கள் சார், இப்போது வரும் அணு உலைகள் சிறியவையாம், ஆபத்தே இல்லையாமே?" படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது.

விறகடுப்பில் தண்ணீர் தெளித்தால் தணல் சற்று நேரத்தில் அடங்கிவிடும். அணு உலை அப்படி அடங்காது. அணுக்கள் பிளப்பதை நிறுத்தினாலும், ஏற்கெனவே பிளந்த அணுக்களின் துண்டுகள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். இதுதான் சிதைவு வெப்பம். 1000 மெகாவாட் மின் நிலையத்தின் உலை ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கும். நிறுத்திய மறுகணம் அதில் 6 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒரு நாள் கழித்தும் சுமார் 15 மெகாவாட். ஆகவே ஷிப்டில் உலையை நிறுத்தியபின் எங்கள் கவனம் கூடுமே தவிரக் குறையாது.

1993 மார்ச் 31 விடியற்காலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் இறக்கைகள் முறிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து நிலையமே இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லாத பல மணி நேரம், டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் தண்ணீரைக் கொண்டு ஊழியர்கள் அந்த வெப்பத்தை வெளியேற்றினார்கள். அந்த இரவின் பணியாளர்களை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கைகூப்புகிறது. 2011-இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. சிதைவு வெப்பத்தை வெளியேற்ற வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

எனவே புதிய உலை எதுவானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மின்சாரமும் மனிதர் கையும் இல்லாவிட்டால் அந்த வெப்பம் எங்கே போகும்?

சீனாவின் ஷிதாவ்வான் நிலையம் இதற்குச் செயலில் பதில் சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அதில் இரண்டு உலைகள். சேர்ந்து 210 மெகாவாட் மின்சாரம். எரிபொருள் 6 சென்டிமீட்டர் உருண்டைகளாக இருக்கும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் பீங்கான் உறையிட்ட ஆயிரக்கணக்கான யுரேனியத் துகள்கள். குளிர்விப்பது ஹீலியம் வாயு. உலை ஓடிக்கொண்டிருக்கையிலேயே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தார்கள். எவரும் தலையிடாமலே வெப்பம் சுவர் வழியாகத் தானே வெளியேறியது. இதற்கு விலையும் உண்டு. பெரிய உலைக் கலத்தில் குறைந்த வெப்பத்தை உண்டாக்குவதால்தான் அது தானே ஆறுகிறது. போட்ட இரும்புக்கு ஏற்ற மின்சாரம் கிடைப்பதில்லை.

செலவு விஷயத்தில் விளம்பரங்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் சிறு உலை வடிவமைப்புக்கு 2023 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையத்தின் சான்று கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் முதல் திட்டம் கைவிடப்பட்டது; மின்சாரத்தின் விலை ஏறியதால் வாங்கப் போதிய நகரங்கள் முன்வரவில்லை.

நம் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலையை, குளிர்விப்பது உருகிய சோடியம் உலோகம். அதற்கு உயர் அழுத்தம் வேண்டியதில்லை, அது பெரிய வசதி. ஆனால் கசிந்தால் காற்றிலேயே எரியும். ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995-இல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. முழுமையாக மீள முடியாமல் 2016-இல் அதை மூட முடிவெடுத்தார்கள். கல்பாக்கத்தில் 2004-இல் கட்டுமானம் தொடங்கி 2024 மார்ச்சில்தான் கருவகத்தில், அதாவது உலையின் மையத்தில், எரிபொருள் நிரப்பும் பணி தொடங்கியது என்பதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். சோடியத்தை அவசரப்படுத்தக் கூடாது.

2025 பட்ஜெட்டில் சிறு உலை ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்து, 2033-க்குள் குறைந்தது ஐந்து உள்நாட்டுச் சிறு உலைகளை இயக்குவதாக அரசு கூறியிருக்கிறது. சிறிய உலையில் சிதைவு வெப்பமும் குறைவு, அது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் பல உலைகளை வைத்தால் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். அடுத்த ஞாயிறு காலை சங்க அறையில் அதைப் பலகையில் எழுதிக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டடங்களில் இருப்பவர்களும் வரலாம்.