ஓமம் வேறு, ஓம எண்ணெய் வேறு

என்னைப் பார்க்க வந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து பழுப்பு நிறக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இயற்கையானதுதானே டாக்டர், இதனாலயா எரியும்?"

புதினா எண்ணெய். வயிற்று உப்புசத்துக்கென்று வெந்நீரில் ஏழெட்டுத் துளி விட்டு நான்கு நாளாகக் குடித்திருக்கிறார். உப்புசம் குறைந்ததோ என்னவோ, நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. குப்பியைத் திருப்பினேன். கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்தது.

மூலிகையையும் அதன் எண்ணெயையும் ஒரே மருந்தாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 100 கிராம் ஓமத்தை நீராவியில் காய்ச்சி வடித்தால் கிடைப்பது 2 முதல் 4 கிராம் எண்ணெய். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி குடிப்பவர், ஏறக்குறைய 150 கிராம் ஓமத்தின் எண்ணெயை ஒரே மடக்கில் விழுங்குகிறார். அவ்வளவு ஓமத்தை யாராவது மெல்வார்களா? அதிலுள்ள தைமால் கிருமிநாசினியாகவும் பயன்படுகிற சரக்கு. தவிர, எண்ணெய் வெந்நீரில் கரையாது, மேலே மிதக்கும். முதல் மடக்கிலேயே வீரியம் குறையாமல் நாக்கையும் தொண்டையையும் தொடும்.

புதினா எண்ணெயைக் குறைசொல்ல மாட்டேன். அதிலுள்ள மென்தால், குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. தசை தளர்கிறது, பிடித்து இழுக்கிற வலி அடங்குகிறது. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்கு அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2021 வழிகாட்டுதலிலும் புதினாவுக்கு இடமுண்டு. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது, இரைப்பையைத் தாண்டிய பிறகே கரையும்படி உறையிட்ட கேப்ஸ்யூல், 0.2 மில்லி அளவில். அதையும் அமிலமுறி மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உறை முன்கூட்டியே கரைந்துவிடும். வெறும் எண்ணெயைக் குடித்தால், உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையமும் தளரும், அமிலம் மேலேறும். இவருக்கு நடந்தது அதுதான்.

இஞ்சியில் கதை வேறு. அதன் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் நீராவியோடு ஏறாது. ஆகவே வடித்த இஞ்சி எண்ணெயில் மணம் இருக்கும், காரம் இருக்காது. குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்று கேள்விப்பட்டு இஞ்சி எண்ணெய் வாங்குகிறவர், தேடிப்போன பொருளை விட்டுவிட்டு வாசனையை மட்டும் வாங்கிவருகிறார். மிளகுக்கும் இதே நிலைதான், அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் மிளகிலேயே தங்கிவிடும்.

பெயரும் குழப்புகிறது. மூலிகையை நல்லெண்ணெயில் காய்ச்சி இறக்கினாலும் தைலம், ஆவியில் வடித்தாலும் தைலம். இரண்டுக்கும் வீரியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

'வாயு' என்று நினைத்து எண்ணெயைத் தேடுமுன் இந்த அறிகுறிகள் உண்டா என்று பாருங்கள், இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்: மலத்தில் ரத்தம், கருத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கச் சிரமம். நெஞ்சு அடைத்து வியர்த்தாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ அது இதயமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கறார். யூகலிப்டஸ் எண்ணெயைச் சில மில்லி குடித்தாலே வலிப்பு வரலாம். கிராம்பு எண்ணெய் கல்லீரலைத் தாக்கும். கைக்குழந்தையின் மூக்கருகில் மென்தால் தடவினால் மூச்சுத் திணறலாம். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். குப்பியையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைச் சொன்னதும் அவர் குப்பியின் மூடியை ஒருமுறை திருகிப் பார்த்தார். சுலபமாகக் கழன்றது. "பேரன் தவழ ஆரம்பிச்சிட்டான் டாக்டர்" என்றார். திரும்பப் பையில் போடவில்லை, என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.