நச்சு நுரையா, கழிவு நுரையா?

ஆறு முழுக்க வெள்ளைவெளேரென்று நுரை பொங்கி நிற்கும் படத்துக்குக் கீழே நம் செய்தித்தாள்கள் நச்சு நுரை என்று போடுகின்றன, ரசாயன நுரை என்று போடுகின்றன, கொஞ்சம் படித்த தோரணையில் எழுதினால் நுரை மாசு. இந்தக் கடைசிச் சொல், ஃபோம் பொல்யூஷன் என்பதை அப்படியே தூக்கி வைத்தது.

நுரை நம்மிடம் பழைய சொல். குறுந்தொகை 290ஆம் பாட்டில் தலைவி, வெள்ளத்தில் கல்மேல் மோதும் சிறு நுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போகிறேன் என்கிறாள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை, அதனால் அந்த உவமையையே பெயராக்கி அவரைக் கல்பொரு சிறுநுரையார் என்றே அழைத்துவிட்டார்கள். காற்றறைகள் நிறைந்த உறுப்பு நுரையீரல், புதுவெள்ளம் வந்தால் நுங்கும் நுரையுமாக வரும், ஓயாமல் உழைத்தால் நுரை தள்ளும். வடமொழி வழி வந்த பேனம் என்ற சொல்லும் அகராதியில் உண்டு, பேச்சில் யாரும் சொல்வதில்லை. இந்த வழக்குகளில் எங்கேயும் நுரை என்றால் அழுக்கு என்ற பொருள் இல்லை. கல்லில் பட்டால் கரைந்துவிடும் என்பதுதான் அதன் குணமாகவே இருந்திருக்கிறது.

இன்றைய ஆற்று நுரை கரைய மாட்டேன் என்கிறது. காரணம் சர்ஃபாக்டன்ட். ஆங்கிலத்தில் 'பரப்பில் வேலை செய்யும் பொருள்' என்பதற்கான மூன்று சொற்களை வெட்டி ஒட்டி 1950இல் செய்த சொல் அது. தமிழில் பரப்புச்செயலி என்றால் கைப்பேசியில் இறக்கும் செயலி என்று நினைத்துவிடுவார்கள், அதனால் பரப்பு இழுவிசை குறைப்பி என்பதே மேல். நீளம்தான், ஆனால் செய்கிற வேலையைச் சொல்கிறது. அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனையான வால் தண்ணீரை விட்டு விலகும். குமிழின் மெல்லிய சவ்வில் வாலைக் காற்றுப் பக்கம் நீட்டியபடி அவை வரிசையாக நிற்க, சவ்வு சட்டென்று உடையாது. டிடர்ஜென்ட் என்னும் சலவைத்தூளில் இருப்பது இதுதான் (அந்தச் சொல் லத்தீனில் 'துடைத்தெடு' என்ற வினையிலிருந்து வந்தது, அழுக்ககற்றி என்பது அதற்குச் சரியாகவே பொருந்துகிறது). செய்திகளில் நுரைக்குப் பாஸ்பேட்டையே குற்றவாளியாக்குகிறார்கள். பாஸ்பேட் பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைக்கும். நுரையை நேரடியாக எழுப்புவது பரப்பு இழுவிசை குறைப்பிதான்.

1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் இப்படித்தான் நுரைத்தன. அப்போதைய சலவைத்தூளில் இருந்த மூலக்கூறு கிளைகிளையாகப் பிரிந்தது, பாக்டீரியாவால் அதைச் சுலபமாகச் சிதைக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டு 1964இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது, அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965வாக்கில் கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகைக்கு மாறினார்கள், அங்கே நுரை பெருமளவு அடங்கியது. சரி, நாமும் இன்று அதே நேர்ச்சங்கிலி வகையைத்தானே பயன்படுத்துகிறோம், பிறகு ஏன் டெல்லியில் யமுனை நுரைக்கிறது? அந்த வகையைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் வந்து விழும் ஆற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் துணி துவைத்த தண்ணீரில் இருந்தது சிதையாமல் அப்படியே கீழே போகிறது. மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பரில் ஆற்றின் நீரோட்டம் குறைந்ததும் அதன் செறிவு கூடுகிறது, ஓக்லா தடுப்பணையில் தண்ணீர் விழுந்து கலங்கும்போது காற்று உள்ளே புகுகிறது, காளிந்தி குஞ்ச் பக்கம் பனிமலை மாதிரி நுரை எழுகிறது. சூரியனை வணங்கும் சத் பூஜைக்கு ஆற்றில் இறங்கும் பெண்கள் அந்த நுரைக்குள்தான் நிற்கிறார்கள். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2015இல் நுரை தீப்பற்றியே எரிந்தது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி வழியாகப் போகும் கழிவு தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை மதகைத் திறக்கும்போது மறுபடியும் பொங்குகிறது. நகரம் ஒரு மாநிலத்தில், நுரை இன்னொரு மாநிலத்தில்.

இப்போது அந்த மூன்று சொற்களுக்கு வரலாம். நச்சு நுரை இலக்கணப்படி சுத்தமான சொல். இரும்பு இருப்புப்பாதை ஆவது போல நஞ்சு நச்சு ஆகிறது. மீனின் செவுளை அது கெடுப்பதால் பொருளிலும் பிழையில்லை, ஆனால் நஞ்சு எங்கிருந்து வந்தது என்று அது வாயே திறப்பதில்லை. ரசாயன நுரை என்றால் ஆலையைத்தான் தேடுவோம், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் நினைவுக்கே வராது. நுரை மாசு என்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் நுரைதான் மாசு என்று ஆகிவிட்டால் அதை அமுக்கினால் வேலை முடிந்தது. படகில் போய் நுரையடக்கி தெளிக்கும் காரியத்துக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. நுரை அடங்கிவிடும், சாக்கடை அப்படியே இருக்கும்.

நான் எழுதுவது கழிவு நுரை. சாயப்பட்டறையிலிருந்து வந்தது என்று உறுதியானால் சாயக்கழிவு நுரை. அப்புறம், எல்லா நுரையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மட்கிய இலைதழையிலிருந்து வரும் பொருட்களாலும் ஓடையில் நுரை கட்டும். பழுப்பாக, மண்வாசனையோடு, கரையோரமாக ஒதுங்கி, விரலால் கலைத்தால் உடைந்துபோகும். அதற்கு வெறும் நுரை போதும்.