ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு ஜனவரி மாதம் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பொதுத்தேர்வு நாமினல் ரோலில், அதாவது தேர்வெழுதும் மாணவர் பட்டியலில், திருத்தம் செய்கிற நேரம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளக் கடவுச்சொல் என்னிடம். ஓடிபி வருவதும் என் போனுக்கு. ஒரு கையில் டிரிப்ஸ் ஏற, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். பார்க்க வந்தவர்கள், "சார் இல்லாம ஸ்கூலே ஓடல" என்றபோது, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குளிர்ந்தது. அது என்மீதான புகார் என்று உறைக்க ஒரு வாரம் ஆனது.

கமிட்டிகளுக்கு எங்களிடம் குறைச்சல் இல்லை. தேர்வு, ஒழுங்கு, நூலகம், சுற்றுச்சூழல் என்று பட்டியல் சுவரில் தொங்கியது. ஆனால் எந்த ஒருங்கிணைப்பாளராவது என்னைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்ததாக ஞாபகம் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு முடிவை என் மேசையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும், பள்ளிக்கென்று ஒரு சிம் வாங்கி உதவித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அப்புறம் கால அட்டவணையை நான்கு ஆசிரியர்களிடம் விட்டேன். அவர்கள் முதலில் கைவைத்ததே நான் போட்டிருந்த பத்தாம் வகுப்பு மாலை வகுப்பில்தான். அதைக் காலை 8.15க்கு மாற்றினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது 6.40க்குத்தான், அதனால் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் மாலை வகுப்புக்கு நிற்பதே இல்லை என்றார்கள். சொன்னவர் அதே பஸ்ஸில் வந்துபோகும் அறிவியல் ஆசிரியை. ஆறு வருடமாக பைக்கில் வந்துபோன எனக்கு அது தெரியாது.

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். எந்தப் பள்ளியிலும் முகம் சுளிக்காத ஆசிரியர் ஒருவர் இருப்பார். நான் முதல்வன், ஹைடெக் லேப், மகிழ் முற்றம் என்று அரசுத் திட்டம் எது வந்தாலும் அவர் தலையில்தான் விடியும். பாடவேளையில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் இப்படி ஏற்றுவதற்குப் பகிர்வு என்று பெயர் வைக்கக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவும் அப்படித்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தீர்மான நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் அந்தக் கணக்கு காகிதத்தோடு சரி.

சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றில் கையெழுத்து நம்முடையதுதான், அதைப் பிரிக்க முடியாது. இன்னொன்றைச் சட்டமே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். "ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்" என்பதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நம்கீழ் வேலை செய்பவரே குற்றம் செய்து, நிறுவனப் பொறுப்பில் இருக்கும் நாம் மறைத்தால் ஒரு வருடம் வரை. இதை ஒவ்வொரு ஜூன் மாதமும் ஸ்டாஃப் மீட்டிங்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிப் போடுங்கள்.

நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவைத் தமிழாசிரியை பொறுப்பில் விட்டிருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். அவருக்காக நிகழ்ச்சி நிரலை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் நானே மாற்றினேன். பிள்ளைகளின் நாடகம் அடிபட்டது. தமிழாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஒரு வருடம் எந்தக் கூட்டத்திலும் "சரிங்க சார்" தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. சுற்றறிக்கை நோட்டில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழும்.

கடைசியில் அதே ஸ்டாஃப் ரூமில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஆண்டு விழாவையும் அவரே ஏற்றார். "வி.ஐ.பி. போன் பண்ணா நீங்க பேசிக்கோங்க சார். நிரலை நான் பாத்துக்கறேன்."