ஹட்யாய்க்குக் கார் எடுக்கும் முன்: எந்தக் காப்புறுதி எதற்கு?

நீண்ட விடுமுறை வந்தாலே பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்கள் தென் தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போக, எல்லை வாயிலான புக்கிட் காயு ஹீத்தாமை நோக்கிக் கிளம்பிவிடும். ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையும் ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். காருக்கான தாள்களை மட்டும் எல்லைக்கு முன்னுள்ள சங்லூனில் வண்டியை நிறுத்தி, "எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லி வாங்குவதுதான் வழக்கம். என்ன வாங்கினோம் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. காப்புறுதிக் கோரிக்கை சிக்கலாவது பெரும்பாலும் அங்கேதான்.

மலேசியாவில் நாம் எடுக்கும் மோட்டார் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளில்தான் செல்லும். 'கம்ப்ரிஹென்சிவ்' (முழுப் பாதுகாப்பு) என்று எழுதியிருந்தாலும் தாய்லாந்துக்குள் அது பேசாது. அங்கேயும் செல்ல வேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்டி, நீட்டிப்பை எழுத்து மூலமாக வாங்க வேண்டும். ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் ஹட்யாய் போறோம்" என்று தகவல் அனுப்பினால் அது நீட்டிப்பு ஆகாது. பாலிசியோடு இணைத்த தாளில் தேதியும் நாட்டின் பெயரும் இருக்க வேண்டும்.

அந்த நீட்டிப்பு உங்கள் காருக்கான பாதுகாப்பு. தாய்லாந்துச் சட்டம் கேட்பது வேறு: 'போ ரோ போ' எனப்படும் அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதி. சங்லூன் கடைகளில் விற்பது இதைத்தான். அடிபட்டவருக்கு மருத்துவச் செலவாக 80,000 பாட் வரை, உயிரிழப்புக்கு 500,000 பாட் என இது மனித உடலுக்கு மட்டுமே இழப்பீடு தரும். நீங்கள் இடித்த பிக்கப்புக்கோ உடைத்த கடைக் கதவுக்கோ இதிலிருந்து ஒரு பாட் கூட வராது. அதற்கு மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்தையும் ஏற்கும் தனிக் காப்புறுதி வேண்டும். கடையில் கேட்கும்போதே "சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை?" என்று கேளுங்கள். தாளில் எண் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண், சேசிஸ் எண், தொடங்கும் தேதி மூன்றையும் கவுண்டரை விட்டு நகரும் முன் சரிபார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணில் 'B' இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்திருந்தால் எல்லையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கோரிக்கை வரும்போதுதான் அது பிரச்சினையாகும்.

வெள்ளம் இன்னொரு விஷயம். நவம்பர், டிசம்பரில் தென் தாய்லாந்தில் பருவமழை உச்சத்தில் இருக்கும். நம் பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான். 2025 நவம்பரில் ஹட்யாய் மூழ்கியபோது நம்மவர்கள் பலர் ஹோட்டல்களில் மாட்டிக்கொண்டார்கள், கார்கள் கீழ்த்தளத்தில் நின்றன. சாதாரண கம்ப்ரிஹென்சிவில் வெள்ளச் சேதம் அடங்காது. அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும், தாய்லாந்து நீட்டிப்பும் கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை. அந்த மாதங்களில் அடித்தளப் பார்க்கிங்கைத் தவிர்த்து மேல்தளத்தில் இடம் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆவணங்கள். கார் உங்கள் பெயரில் இருந்தால் கிராண்ட் எனப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழின் நகல் போதும். கடன் முடியாத கார் என்றால் வங்கியின் அனுமதிக் கடிதமும் வைத்துக்கொள்வது நல்லது. அப்பா பெயரில் இருக்கும் காரை மகன் ஓட்டிப் போனால், சத்தியப் பிரமாண ஆணையர் முத்திரையிட்ட அனுமதிக் கடிதமும் அப்பாவின் அடையாள அட்டை நகலும் தேவை. கம்பெனி கார் என்றால் கம்பெனி முகவரித் தாளில் இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப்போக அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இராது.

லைசன்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: ஆசியான் நாடுகளின் 1985 உடன்பாட்டின்படி மலேசிய லைசன்ஸே அங்கே செல்லும். ஆனால் நம் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் இருப்பதைக் காட்டினால் தாய்லாந்துக் காவலர் தலையைச் சொறிவார். அட்டையைக் கையில் வைத்திருங்கள். சாலை வரியும் அப்படித்தான். 2023 பிப்ரவரிக்குப் பிறகு கண்ணாடியில் ஒட்டத் தேவையில்லை என்பது நம் ஊர்ச் சலுகை. வெளியூருக்கு அச்சிட்ட நகல் வேண்டும்.

காரில் இருக்கும் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, டிடிஏசி எனப்படும் மின்னணு வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் அரசாங்கத்துடையது அல்ல. எல்லையில் வாகனத்துக்கு டிஎம் 2 படிவம், பயணிகள் பட்டியலுக்கு டிஎம் 3 படிவம், அதோடு சுங்கத் துறையின் தற்காலிக இறக்குமதிப் படிவம். இந்தக் கடைசித் தாள்தான் மிக முக்கியம். யார் பெயரில் கார் உள்ளே போனதோ அவர் பெயரிலேயே வெளியே வர வேண்டும். அதிலுள்ள கெடுவைத் தாண்டினால் நாளொன்றுக்கு 1,000 பாட் அபராதம், உச்சவரம்பு 10,000 பாட். கையுறைப் பெட்டியில் போடாமல் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் காரைத் துழாவிப் பாருங்கள். வேப் (மின்சிகரெட்) சாதனத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுபோவது குற்றம், அது பின்சீட்டுப் பையில் மறந்து கிடந்தாலும்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் தாய்லாந்துப் பக்க எல்லையான சடாவ் தாண்டியதும் அலட்சியம் வந்துவிடும். நெடுஞ்சாலை 4-இல் நடுத்திட்டில் விட்டுவிட்டு யூ-டர்ன் வளைவுகள் இருக்கும். திரும்பும் லாரி வலப்பக்க வேகத் தடத்திலேயே வந்து சேரும். ஆகவே அந்தத் தடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்காதீர்கள். ஓரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வருவதும் சகஜம். நகரில் சிவப்பு-வெள்ளை ஓரக்கல் என்றால் நிறுத்தவே கூடாது, மஞ்சள்-வெள்ளை என்றால் ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். எண்ணெய் நிலையத்தில் கேசோஹால் 95 (எத்தனால் கலந்த பெட்ரோல்) நம் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். எத்தனால் இன்னும் கூடுதலான இ20 போடும் முன் கையேட்டைப் பாருங்கள், இ85 பக்கம் போகவே வேண்டாம்.

மோதிவிட்டால் காரை நகர்த்தாதீர்கள். நம் ஊரில் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்கிறோம். அங்கே காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் மோதிய இடத்துக்கே வருவார். தாளில் உள்ள எண்ணுக்கு முதலில் அழையுங்கள், பிறகு 1155 சுற்றுலாப் போலீஸ்; காயம் இருந்தால் முதல் அழைப்பே 1669. புரியாத தாய் மொழித் தாளில் கையெழுத்திட வேண்டாம். அது தவறை ஒப்புக்கொள்ளும் தாளாகவும் இருக்கலாம். மலேசிய இழுவை வண்டிச் சேவை பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும் என்பதால், புக்கிட் காயு ஹீத்தாம் வரை காரைக் கொண்டுவரும் செலவு உங்களுடையது.

திரும்பும்போது சுங்கப் படிவத்தை ஒப்படைத்தே ஆக வேண்டும். ஒப்படைக்காவிட்டால் அவர்கள் பதிவேட்டில் கார் இன்னும் தாய்லாந்தில்தான் இருக்கும், அபராதம் அடுத்த பயணத்தில் காத்திருக்கும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எல்லையை ஒட்டிய தாய்லாந்து ஊரான டானோக்கில் கைப்பேசி மலேசிய அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு நம் நேரத்தைக் காட்டுவதுண்டு. எல்லை வாயிலை மூடும் நேரத்தை அன்றைக்கே கேட்டுக்கொண்டு, அது எந்த நாட்டு நேரம் என்றும் சேர்த்தே கேளுங்கள்.